சைடு வீல் வண்டிக்கு எந்த மேடை? சர்வீஸ் மேடைகள் ஓர் ஒப்பீடு

வேலூரில் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காக இரண்டு ஓரத்திலும் கூடுதல் சக்கரம் மாட்டிய சைடு வீல் ஸ்கூட்டர் புதிதில்லை. பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-ல் தொடங்கிய இடம் அது. அங்கே வந்து போகிறவர்கள், அரசு இலவசமாகக் கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை வாங்கியவர்கள், சொந்தச் செலவில் ஆக்டிவாவுக்கோ ஜூபிடருக்கோ கிட் மாட்டிக்கொண்டவர்கள் என்று காட்பாடி, சத்துவாச்சாரி, தொரப்பாடி எந்தப் பக்கம் போனாலும் இந்த வண்டிகளைப் பார்க்கலாம்.

ஆனால் இவற்றை ஒழுங்காக ஏற்றி வைத்து வேலை பார்க்க ஒரு மேடை இருக்கிற கடை குறைவு. பெரும்பாலும் கடை வாசலில், தரையில், மெக்கானிக் குப்புறப் படுத்துத்தான் பார்க்கிறார். மற்ற வண்டியென்றால் உரிமையாளர் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்துப் போய்விடுவார். இந்த வண்டிக்காரர் அப்படிப் போக முடியாது. வண்டி கடையில் நிற்கும் நேரம் முழுவதும் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். "மதியத்துக்குள்ள முடிஞ்சிடுமாண்ணே?" என்று அவர் கேட்பதற்கு அதுதான் காரணம். அதனால் எந்த மேடை நல்லது என்று பார்க்கும்போது நான் முதலில் வைக்கும் அளவுகோல், வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பது. அதற்குச் சமமாக இன்னொன்றும் உண்டு. சைடு வீலைக் கழற்றிய பிறகு வண்டி விழாமல் நிற்க வேண்டும். விலை இவற்றுக்குப் பிறகுதான்.

மேடையைத் தேர்வு செய்யும் முன் இந்த வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பைக்குக்கு ஒரே தடம். காருக்கு இரண்டு. இதற்கு மூன்று: நடுவில் முன் சக்கரமும் ஒரிஜினல் பின் சக்கரமும், இரண்டு ஓரத்திலும் சைடு வீல். சந்தையில் கிடைக்கும் சர்வீஸ் சாதனங்கள் எல்லாம் ஒரு தடத்துக்கோ இரண்டு தடத்துக்கோ செய்யப்பட்டவை. கார் ஷெட்டில் இருக்கும் பள்ளத்தின் மேல் இதை நிறுத்த முடியாது, நடுச் சக்கரம் உள்ளே போய்விடும். காரைத் தூக்கும் ராம்புக்கும் அதே கதிதான். பைக் ராம்பில் ஏற்றினால் சைடு வீல் இரண்டும் வெளியே தொங்கும்.

தொங்குவது எங்கே என்பதும் முக்கியம். வண்டியை ஓட்டும் சக்கரம் நடுவில் இருக்கும் பின் சக்கரம். ஓரச் சக்கரங்கள் கொஞ்சம் மேட்டில் ஏறி, நடுத்தடம் பள்ளமாக இருந்தால் பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. குழி விழுந்த ரோட்டில் இந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மேடையிலும் சரி, வண்டி ஏறும் சரிவுப் பாதையான ராம்பிலும் சரி, மூன்று தடமும் ஒரே மட்டத்தில் இருந்தே ஆக வேண்டும்.

தரையிலேயே ஜாக் வைத்துப் பார்ப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயில் மாற்றுவதற்கும் பிரேக் கேபிள் இறுக்குவதற்கும் அதுவே போதும், மேடை தேவையில்லை. சைடு வீலைக் கழற்ற வேண்டிய வேலை என்றால் போதாது. இடது பக்கத்து பெல்ட் கவரைத் திறந்து பெல்ட், ரோலர், கிளட்ச் பார்க்க வேண்டுமானால் அந்தப் பக்கத்துச் சக்கரம் வழியை மறிக்கும். ஆக்டிவாவில் பின் டயரைக் கழற்ற சைலன்சரை இறக்கி, வலது பக்கத்து ஆக்சில் நட்டைத் திறந்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அங்கேயும் சைடு வீல் நிற்கிறது. கிட் மாட்டும்போது பல வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டையே எடுத்துவிடுகிறார்கள், அதனால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தவும் வழியில்லை. இந்த நிலைமையில் சிலர் ஹாலோ பிளாக்கை அடியில் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுவர் எழுப்பினால் பாரம் பரவலாக இறங்கும், அதைத் தாங்கும் கல் அது. ஒரே இடத்தில் சேஸிஸ் பைப் அழுத்தினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பிளந்துவிடும். கனமான மரக்கட்டை நசுங்குமே தவிர அப்படி உடையாது.

அடுத்தது கடையில் வாங்கும் ஹைட்ராலிக் பைக் ராம்ப். காலால் மிதித்து ஏற்றுவதும் உண்டு, மோட்டாரில் ஏறுவதும் உண்டு. மெக்கானிக்கின் முதுகுக்கு இதைவிட நல்லது வேறில்லை, இடுப்பு உயரத்துக்கு வண்டி வந்துவிடும். நாள் முழுக்கப் பல வண்டி வரும் பெரிய கடையென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அதன் மேல்தட்டு சுமார் இரண்டு அடி அகலம்தான். நான் அளந்த வரையில் சைடு வீல் ஸ்கூட்டர்கள் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 3 அடியிலிருந்து 3½ அடி வரை வருகின்றன. இரண்டு பக்கமும் இறக்கை வெல்டு செய்து அகலப்படுத்தலாம் என்று பட்டறைக்காரர் சொல்வார். அந்த இறக்கையின் மேல் வரும் பாரம் மேல்தட்டைத் தூக்கும், கத்தரிக்கோல் போல மடங்கும் கத்தரிக்காலுக்கு வெளியே விழுகிறது. ஒரு பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றியதும் மறுபக்கம் மட்டும் அழுத்தும், மேல்தட்டு முறுக்கும், மூட்டுகளில் இருக்கும் பின்கள் ஒருபக்கமாகத் தேயும். அதோடு இந்த ராம்ப் ஓர் இடத்தில் நிலையாக நிற்கிற சாமான். பத்துக்குப் பன்னிரண்டு கடையில் வைத்தால் மற்ற வண்டிகளுக்கு இடம் இருக்காது.

சிலர் கார் ஜாக்கை நடுவில் வைத்து, தாங்களே கத்தரிக்கால் வெல்டு செய்து, அடியில் சக்கரமும் போட்டு ஏறி இறங்கும் மேடை செய்ய நினைக்கிறார்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை: வேண்டாம். நகரும் மேடையை வீட்டில் செய்யலாம். உயரும் மேடையை, அதுவும் ஆள் கையை உள்ளே விட்டு வேலை செய்யப்போகும் மேடையை, பாரம் சோதிக்காத பின்னையும் வெல்டிங்கையும் நம்பிச் செய்யக் கூடாது.

மிச்சம் இருப்பது நிலையான உயரமுள்ள, சக்கரம் வைத்த, நாமே செய்யும் மேடை. மரத்தில் செய்யலாம், இரும்பில் செய்யலாம். உண்மையான தேர்வு இங்கேதான்.

மர மேடையின் பெரிய வசதி, வெல்டிங் வேண்டாம். ரம்பமும் டிரில்லும் இருந்தால் வீட்டு வாசலில் வைத்தே செய்துவிடலாம். 18 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ வரும், அதனால் மேடை கனக்காது. சொந்த வண்டி ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு, அல்லது அண்ணன் வண்டியைத் தம்பி பார்த்துக்கொடுக்கும் வீட்டுக்கு, இது போதும். பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 என்று முத்திரை இருக்கும் மரைன் பிளை வாங்குங்கள். ஐஎஸ் 303-ல் சாதாரண ரகம் ஈரம் பட்டால் அடுக்கடுக்காகப் பிரியும், ஐப்பசி மழைச் சாரலில் ஒரு பருவம் தாங்குவதே பெரிது.

கடைக்கு மட்டும் முழு மர மேடையை நான் சொல்ல மாட்டேன். பெட்ரோலும் பழைய ஆயிலும் மரத்தில் ஊறும், பக்கத்திலேயே கிரைண்டர் பொறி பறக்கும். இரண்டாவது காரணம் காஸ்டர், அதாவது மேடைக்கு அடியில் மாட்டும் சின்னச் சக்கரம், உட்காரும் இடம். பாரத்தோடு மேடையைத் தள்ளித் திருப்பும்போது காஸ்டரின் போல்ட் மரத்தை அரைத்துக்கொண்டே இருக்கும், நாளடைவில் ஓட்டை நீண்டுவிடும். ஸ்க்ரூ போட்டால் பிடுங்கியே வந்துவிடும். மரத்தில் செய்தே தீருவேன் என்றால் போல்ட் துளைத்துப் போட்டு, மேலே ஒரு இரும்புத் தகட்டை வாஷராகக் கொடுத்து இறுக்குங்கள். கரையான் உள்ள வீடென்றால் மேடையைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

முழு இரும்பு மேடை இதற்கு நேர் எதிர். சதுர பைப் ஃப்ரேம், மேலே 3 மி.மீ. செக்கர் பிளேட், அதாவது மேற்பரப்பில் மேடு மேடாக இருக்கும் இரும்புத் தகடு. எத்தனை வருடம் ஆனாலும் அசையாது. கஷ்டம் எடையில்தான். செக்கர் பிளேட் சதுர மீட்டருக்கு 25 கிலோவுக்குக் குறையாது. முழு மேடைக்கும் தகடு போட்டால் தட்டு மட்டுமே 60 கிலோவைத் தொடும், ஆயில் பட்டால் செருப்பு வழுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் வாசலில் நிற்கும் இரும்புத் தட்டில் கை வைத்துப் பாருங்கள். தகர ஷெட்டுக்கு அடியிலும் சூடு ஏறத்தான் செய்யும்.

என் தேர்வு இரண்டையும் சேர்த்தது: இரும்பு ஃப்ரேம், அதன் மேல் தடத்துக்கு மட்டும் பிளைவுட். முழு மேடையையும் மூடத் தேவையே இல்லை. சக்கரம் உருளும் மூன்று பட்டை போதும், நடுவே இருக்கும் இரண்டு இடைவெளியும் திறந்தே இருக்கட்டும். அந்த இடைவெளிதான் இந்த மேடையின் உயிர். ஆயில் தட்டை அதன் வழியாக வைக்கலாம், சைடு வீல் ஃப்ரேமின் போல்ட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனர் போகும், கீழே விழுந்த நட் தட்டின் மேல் உருண்டு எங்கோ ஒளிந்துகொள்ளாது.

அளவு இப்படி வரும். நீளம் 2 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். ஆக்டிவாவின் மொத்த நீளம் 1.83 மீட்டருக்குச் சற்றுக் கூட, அதனால் தாராளமாக நிற்கும். ஒவ்வொரு தடமும் 25 செ.மீ. அகலம். அப்போது நடுத்தடத்துக்கும் ஓரத்தடத்துக்கும் நடுவில் 22 செ.மீ.க்கு மேல் இடம் கிடைக்கும், கை தாராளமாகப் போகும். சுற்று ஃப்ரேமுக்கு 50-க்கு 50 மி.மீ. அளவில், 2 மி.மீ. கனமுள்ள சதுர பைப். அது மீட்டருக்கு 3 கிலோ. உள்ளே தடம் தாங்கும் பைப்புக்கு 40-க்கு 40, 2 மி.மீ. போதும், மீட்டருக்கு 2.4 கிலோ. கடையில் 20 அடி நீளத்தில் கிடைக்கும். இரண்டு ரகத்திலும் இரண்டிரண்டு பைப் வாங்கினால் போதும், மிச்சத் துண்டு தாங்கிகளுக்கு ஆகும். ஃப்ரேம் சுமார் 44 கிலோ, பிளைவுட் பட்டை மூன்றும் 18 கிலோ, காஸ்டரும் போல்ட்டும் சேர்த்து மொத்தம் 70 கிலோவுக்குள் அடங்கும். இரும்பு விலை மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாயைச் சொல்லாமல் எடையைச் சொல்கிறேன், வாங்கப் போகும் அன்றைய கிலோ விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஓரத்தடத்தின் வெளி விளிம்பில் ஒரு அங்குல ஆங்கிளை (எல் வடிவ இரும்பை) நிமிர்த்தி வைத்து வெல்டு செய்தால் சக்கரம் நழுவாது.

நடுத்தடத்தில் பின் சக்கரம் நிற்கும் ஓர் ஒன்றரை அடித் துண்டை மட்டும் தனியாக, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யச் சொல்வேன். இதற்காகவே தட்டு பிளைவுட்டாக இருப்பது நல்லது, எளிதாகத் தூக்கலாம். வண்டியை ஏற்றி, கட்டி, தாங்கி கொடுத்த பிறகு அந்தத் துண்டை உருவினால் பின் சக்கரம் அப்படியே காற்றில் தொங்கும். வண்டியை ஒரு அங்குலம்கூட ஜாக் போட்டுத் தூக்க வேண்டாம். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம், பிரேக் ஷூ தேய்மானம் பார்க்கலாம், சைலன்சரை இறக்கி டயரைக் கழற்றலாம். ஆனால் துண்டை உருவும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைடு வீல் கைகள் ஷாக் அப்சர்பரில் தொங்குகின்றன, நடுவில் ஆதாரம் போனதும் வண்டி அமுங்கும். சைடு வீல் கைக்கும் வண்டியின் ஃப்ரேமுக்கும் இடையில் மரக்கட்டை கொடுத்துவிட்டு அப்புறம் உருவுங்கள்.

சைடு வீலையே கழற்றப் போகிறோம் என்றால் கட்டை போதாது. ஃபுட் போர்டுக்குக் கீழே ஓடும் சேஸிஸ் பைப்பை இரண்டு பக்கமும் தாங்க, கழற்றி மாட்டும் இரண்டு கால்கள் வேண்டும். மேடை ஃப்ரேமில் அவற்றுக்குச் சாக்கெட் வெல்டு செய்துவிடுங்கள், உச்சியில் பைப் உட்கார ஒரு வளைந்த தகடும் ரப்பரும். அதோடு ராட்செட் பெல்ட்டால் முன்பக்கத்தைக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். இந்தத் தாங்கிகள் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக மேடை செய்தாலும் தரையில் பார்ப்பதும் அதில் பார்ப்பதும் ஒன்றுதான்.

காஸ்டர் விஷயத்தில் காசு பார்க்க வேண்டாம். ஆக்டிவா 106 கிலோ, சைடு வீல் கிட்டோடு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை 70, மேலே ஏறி நிற்கும் ஆள் 75. ஏறத்தாழ 300 கிலோ. இதை நான்கால் வகுக்கக் கூடாது, மூன்றால் வகுக்க வேண்டும், ஏனென்றால் நம் சிமெண்டுத் தரை சமமாக இருப்பதில்லை. எந்த நேரத்திலும் ஒரு சக்கரம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஆக ஒரு காஸ்டருக்கு 100 கிலோ. 150 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஐந்து அங்குலச் சக்கரம் எடுங்கள், மூன்று அங்குலம் ஒரு சின்ன ஜல்லியில் மாட்டினாலே நின்றுவிடும். பியூ (பாலியூரித்தேன்) அல்லது நைலான் சக்கரம் நல்லது. மெத்தென்ற ரப்பர், பாரத்தோடு ஒரே இடத்தில் நின்றால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழற்றிய காஸ்டர் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்தாலும், எவ்வளவு தாங்கும் என்று தெரியாததை இதில் போடாதீர்கள். குறுகிய கடையென்றால் நான்கும் திரும்பும் காஸ்டராக இருக்கட்டும், அப்போதுதான் மேடையைப் பக்கவாட்டில் சுவரோரம் தள்ள முடியும்.

பிரேக் காஸ்டர் இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. சாதாரண பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், திரும்பும் தலை ஆடிக்கொண்டே இருக்கும். ஆக்சில் நட்டை முழு பலத்தோடு திறக்கும்போது மேடை நடனமாடும். அதைவிட முக்கியம், வண்டியை ராம்பில் தள்ளி ஏற்றும்போது அந்தத் தள்ளு மேடையையும் நகர்த்தும். ராம்ப் கழன்று விழுவது இப்படித்தான். அதனால் நான்கு மூலையிலும் நட் வெல்டு செய்து 16 மி.மீ. போல்ட்டைக் காலாகக் கொடுங்கள். ஏற்றும் முன் ஸ்பேனரால் நான்கையும் இறக்கினால், பாரம் காஸ்டரிலிருந்து காலுக்கு மாறிவிடும். காஸ்டர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். கால்கள் விளிம்பிலேயே இருப்பதால் ஏறும்போது ஒரு முனை அழுந்தி மறுமுனை தூக்குவதும் நின்றுவிடும்.

உயரம் என்ன வைக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். அதைப் பெரும்பாலும் காஸ்டரே முடிவு செய்துவிடுகிறது. ஐந்து அங்குலக் காஸ்டர் தகட்டோடு ஆறரை, ஃப்ரேம் இரண்டு, பிளைவுட் முக்கால் என்று கூட்டினால் ஒன்பது, பத்து அங்குலத்தில் வந்து நிற்கும். சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் பெல்ட் கவர் நெஞ்சுக்கு நேராக வரும், அந்த உயரமே நல்லது. பதினெட்டு அங்குலம் வைக்க ஆசைப்பட்டால் ராம்பின் நீளத்தை நினைத்துப் பாருங்கள். ஆறுக்கு ஒன்று சரிவில், பத்து அங்குல மேடைக்கு ஐந்து அடி ராம்ப் வேண்டும். 150 கிலோ வண்டியைத் தள்ள அந்தச் சரிவில் 25 கிலோ பலம் போதும், ஒருவரே ஏற்றலாம். ராம்பை நான்குக்கு ஒன்றாகச் சுருக்கினால் பலம் 36 கிலோவுக்குப் போகும், சரிவு முடிந்து மேடை தொடங்கும் உச்சியில் சைடு வீல் ஃப்ரேமின் அடிக்கம்பி விளிம்பில் இடிக்கும். பதினெட்டு அங்குலத்துக்கு ஆறுக்கு ஒன்று என்றால் ஒன்பது அடி. மேடையோடு சேர்த்தால் கடையைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும்.

ராம்பும் மூன்று தடமாகவே இருக்க வேண்டும், மூன்றையும் குறுக்குப் பைப்பால் ஒன்றாக இணைத்தால் சரிவு மாறாது. மேடையில் கொக்கி மாட்டி, பின் போட்டுப் பூட்டும்படி செய்யுங்கள். இதே கொக்கி அமைப்பை மேடையின் முன்பக்கத்திலும் வைக்கச் சொல்வேன். பெரும்பாலான ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கிடையாது. பின்னோக்கி இறக்கினால் ஒருவர் பிரேக்கைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் நின்று தாங்க வேண்டும். ராம்பைக் கழற்றி முன்னால் மாட்டினால் வண்டி வந்த திசையிலேயே இறங்கிவிடும், வாசலைப் பார்த்தபடி நிற்கும், உரிமையாளர் நாற்காலியிலிருந்து நேராக ஏறிக்கொள்ளலாம். வண்டி முன்னால் உருண்டுவிடாமல் மேடை முனையில் வைக்கும் முன் சக்கரத் தடுப்பை வெல்டு செய்யாமல் போல்ட்டில் மாட்டினால்தான் இது நடக்கும், பட்டறையில் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

புல்லட் 350-க்குப் பின்னால் ஆக்சில் போட்டு மூன்று சக்கரமாக மாற்றிய வண்டி வந்தால் இந்த மேடையில் ஏற்ற வேண்டாம். வண்டி மட்டுமே 190 கிலோவைத் தாண்டும், ஆக்சிலும் இரண்டு சக்கரமும் அதற்கு மேல். அந்த வகை வண்டிகளையும் பார்க்கும் கடையென்றால் சுற்று ஃப்ரேமை 3 மி.மீ. கனத்துக்கு மாற்றுங்கள், அது மீட்டருக்கு 4.4 கிலோ. நடுவில் இரண்டு குறுக்குப் பைப் கூடுதலாகவும், ஆறு அங்குலக் காஸ்டரும் வேண்டும். பின் சக்கரங்களின் அகலம் வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே பைப் வெட்டும் முன் வழக்கமாக வரும் வண்டிகளை டேப் வைத்து அளந்து, ஓரத்தடத்தின் இடத்தை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.